ஒரே சட்டி, எட்டுக் கம்பி: முதல் தடவை ஃபான்டூ சாப்பிடப் போகும் நம்மூர்க் குடும்பத்துக்கு

"ஏஞ்சாமி, ஒரே சட்டில இத்தன பேரும் தொட்டுத் திங்கறதா? எச்சையாயிராதா?"

அவினாசி ரோட்டுப் பக்கம் ஓர் உணவகத்தில் எங்கள் மேசைக்கு ஃபான்டூ சட்டி, அதாவது உருகிய சீஸில் ரொட்டியைக் கம்பியில் குத்தி முக்கிச் சாப்பிடும் சட்டி, வந்து இறங்கியதும் அப்பத்தா கேட்ட முதல் கேள்வி இது. மெனு அட்டையில் படத்தைப் பார்த்து ஆர்டர் கொடுத்திருந்தோம், அவ்வளவுதான். பரிமாறிய தம்பிக்கும் பதில் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே எட்டு நீளக் கம்பிகளை வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு நாங்கள் செய்யாத தப்பில்லை. ரொட்டியைச் சட்டிக்குள் விட்டோம், கம்பியை வாயில் வைத்துச் சுட்டுக்கொண்டோம், அடியில் இருந்த நல்ல பகுதியைக் கருகிப்போச்சு என்று திருப்பி அனுப்பினோம். பில் வந்தபோது எட்டுப் பேரில் ஆறு பேருக்கு இன்னும் பசி.

அதற்குப் பிறகு நாலைந்து தடவை போயாகிவிட்டது. திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் இருக்கும் என் கொழுந்தனார் வேலையாக ஸ்விட்சர்லாந்து போய், அது பிறந்த இடத்திலேயே சாப்பிட்டு வந்தார். அவர் சொன்னது, நான் படித்தது, சூடுபட்டுத் தெரிந்துகொண்டது எல்லாம் சேர்ந்ததுதான் இது. அப்பத்தாவின் கேள்விக்குப் பதில் கம்பியைப் பற்றிச் சொல்லும்போது வரும். பதில் இருக்கிறது, அதுவும் அப்பத்தாவுக்குப் பிடித்த பதில்.

முதலில் எந்தச் சட்டி என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஃபான்டூ என்றால் பிரெஞ்சு மொழியில் 'உருகியது'. ஆனால் இன்றைக்கு மேசை நடுவில் அடுப்பு வைத்து, அதன்மேல் சட்டி வைத்து, கம்பியில் குத்தி முக்கிச் சாப்பிடும் எல்லாவற்றுக்கும் அந்தப் பேரை வைத்துவிட்டார்கள். நான்கு வகை உண்டு.

உருகிய சீஸில் ரொட்டியை முக்குவதுதான் மூத்தது. சூரிச்சில் 1699லேயே வைனில் சீஸ் காய்ச்சும் குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அது ஸ்விட்சர்லாந்து முழுவதற்குமான சாப்பாடாக ஆனது 1930களில்தான். சீஸ் விற்பனையைக் கையில் வைத்திருந்த ஸ்விஸ் சீஸ் யூனியன் என்ற அமைப்பு, தேங்கிய சரக்கைத் தள்ள வேண்டி வீடு வீடாக இதைப் பரப்பியது. தினமும் முட்டை சாப்பிடச் சொல்லி டிவியில் விளம்பரம் வந்ததே, நாமக்கல்காரர்களுக்கு இந்தக் கதை உடனே புரியும்.

இரண்டாவது, கொதிக்கும் எண்ணெயில் கறித் துண்டுகளைப் பொரித்துக்கொள்வது. பூர்கிஞ்ஞோன் என்பார்கள். மூன்றாவது, கொதிக்கும் சாற்றில் மெல்லிசாகச் சீவிய கறியை வேகவைத்துக்கொள்ளும் ஷினுவாஸ். 'சீனத்து' என்று பொருள். நான்காவது சாக்லேட். இதற்கும் ஸ்விட்சர்லாந்து மலைக்கும் நேரடிச் சம்பந்தமில்லை. 1960களில் நியூயார்க்கில் உணவகம் நடத்திய கோன்ராட் எக்லி என்ற ஸ்விஸ்காரர்தான் அதைப் பிரபலமாக்கினார்.

நம் பக்கத்தில், நான் பார்த்தவரை, சாக்லேட்டும் சீஸும்தான் அதிகம். எண்ணெய்ச் சட்டியும் சாற்றுச் சட்டியும் பெரிய ஓட்டல்களில், அதுவும் முன்கூட்டிச் சொன்னால்.

போன் பண்ணிக் கேட்க வேண்டியவை

நம் வீடுகளில் ஒருத்தர் சைவம், ஒருத்தர் சனிக்கிழமை மட்டும் சைவம், ஒருத்தர் புரட்டாசி முழுக்கச் சைவம். அதனால் வண்டி எடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

சீஸ் சைவமா என்று கேட்டால் 'ஆமாங்க, பால்தானுங்களே' என்பார்கள். அது முழுப் பதில் இல்லை. பாலை உறையவைத்துச் சீஸாக்க ரென்னெட் என்ற உறைபொருள் வேண்டும். குரூயேர், எமெண்டால் போன்ற பழைய ஸ்விஸ் சீஸ்களில் அது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுகிறது. நம் நாட்டில் தயாராகும் பாக்கெட் சீஸ்கள் பெரும்பாலும் நுண்ணுயிரிலிருந்து எடுத்த ரென்னெட்டில் செய்தவை, பச்சைப் புள்ளி இருக்கும். ஆக, கேள்வியை இப்படிக் கேளுங்கள்: "வெளிநாட்டுச் சீஸா, நம்மூர்ச் சீஸா? பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்குதுங்களா?" கண்டிப்பான சைவக்காரர்களுக்கு நம்மூர்ச் சீஸில் செய்ததே நிம்மதி. ருசி கொஞ்சம் சாதுவாக இருக்கும். பரவாயில்லை.

இரண்டாவது கேள்வி, வைன். மரபான செய்முறையில் வெள்ளை வைன் உண்டு, கடைசியில் கிர்ஷ் என்ற செர்ரிப் பழச் சாராயமும் ஒரு சின்னக் கிளாஸ் விழும். கொதித்தால் எல்லாம் ஆவியாகிவிடும் என்று சமாதானம் சொல்வார்கள். முழுக்கப் போகாது. கிர்ஷ் கடைசியில்தான் சேர்கிறது. பார் இல்லாத சாதாரண உணவகங்களில் வைனுக்குப் பதில் எலுமிச்சைச் சாறும் காய்கறிச் சாறும் சேர்த்துச் செய்துவிடுகிறார்கள். பார் உள்ள ஓட்டலில் கேட்காமல் விடாதீர்கள். குழந்தைகள் வருகிறார்கள் என்று சொன்னாலே வைன் இல்லாமல் செய்து தருவார்கள்.

சாற்றுச் சட்டி என்றால், சாறு எதில் செய்தது என்று கேளுங்கள். முக்குவது காளிஃபிளவராக இருந்தாலும் அடியில் கொதிப்பது கோழிச் சாறாக இருக்கலாம். எண்ணெய்ச் சட்டியில் ஒரே எண்ணெயில் கறியும் பனீரும் போகும் என்பதால் சைவத்துக்குத் தனிச் சட்டி கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டில் பூர்கிஞ்ஞோன் என்றாலே மாட்டுக்கறிதான், அங்கே போகிறவர்கள் நினைவில் வையுங்கள்.

கடைசியாக, விலை சட்டிக்கா, ஆளுக்கா? 'ஒரு ஃபான்டூ' என்று மெனுவில் இருப்பது பல இடங்களில் இரண்டு பேருக்கான சட்டி. நாங்கள் எட்டுப் பேர் ஒரு சட்டியைச் சுற்றி உட்கார்ந்தது அதனால்தான். ஸ்விட்சர்லாந்து வீடுகளில் ஆளுக்குச் சுமார் 200 கிராம் சீஸும் கிட்டத்தட்ட அதே அளவு ரொட்டியும் கணக்கு. நம்மால் அவ்வளவு முடியாது. மூன்று பேருக்கு இரண்டு பேர் சட்டி சரியாக இருக்கும். ஒரு சட்டிக்கு நாலு பேருக்கு மேல் உட்காராதீர்கள். கை எட்டாது, கம்பிகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

எப்போது போவது

பனிக்காலத்துச் சாப்பாடு இது. வெளியே பனி கொட்டும்போது உள்ளே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட உண்டானது. சித்திரை வெயிலில் மேசை நடுவில் அடுப்பு எரிய அரைக்கிலோ சீஸ் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கார்த்திகை, மார்கழி, தை மாதத்துச் சாயங்காலம் குளிர் இறங்கும்போது போங்கள். ஊட்டி, வால்பாறைப் பக்கம் கிடைத்தால் இன்னும் பொருத்தம்.

நேரம் தாராளமாக வேண்டும். நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் இலை போட்டதிலிருந்து கை கழுவும்வரை இருபது நிமிஷம், பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அடுத்த பந்தி நிற்கும். அந்த வேகம் இங்கே செல்லாது. ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஏழு மணிக்குச் சட்டி முன் உட்கார்ந்து எட்டரைக்கு ஈரோடு பஸ் பிடிக்கலாம் என்று கணக்குப் போட வேண்டாம்.

மேசையில் வந்து இறங்குபவை

ஒரு சின்ன அடுப்பு முதலில் வரும். சீஸுக்கு ஸ்பிரிட் அல்லது ஜெல் எரிபொருள். சாக்லேட்டுக்கு ஒரு சின்ன மெழுகுவத்தி போதும். ஸ்பிரிட் தீ வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது, அணைந்துவிட்டது என்று நினைத்துக் கை வைத்துவிடுவோம். எரிபொருள் தீர்ந்தால் பரிமாறுகிறவர்கள்தான் மாற்ற வேண்டும், அதுவும் அணைத்து, ஆறவிட்டு. எரிகிற அடுப்பில் ஸ்பிரிட் ஊற்ற வந்தால் தைரியமாகத் தடுத்துவிடுங்கள். குப்பென்று பிடித்துக்கொள்ளும். சேலை கட்டியவர்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்காருங்கள். பொடுசுகளை அடுப்புக்கு நேரே உட்கார வைக்காமல் பெரியவர்களுக்கு நடுவில் வையுங்கள்.

அடுத்து சட்டி. சீஸுக்கு அகலமான, கனத்த அடியுள்ள மண்சட்டி அல்லது எனாமல் பூசிய இரும்புச் சட்டி. காக்லோன் என்பது அதன் பேர். நம் மண்சட்டிக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும், கைப்பிடி மட்டும் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். எண்ணெய்க்கு மண்சட்டி ஆகாது. சூட்டில் விரிசல் விடும் என்பதால் வாய் குறுகிய உலோகச் சட்டிதான் வரும்.

கூடவே ரொட்டித் துண்டுகள், வேகவைத்த உருளைக்கிழங்கு, லேசாக வெந்த காளிஃபிளவர், ப்ராக்கலி, சில இடங்களில் ஆப்பிள். ஒரு கிண்ணத்தில் வினிகரில் ஊறிய சின்ன வெங்காயமும் குட்டி வெள்ளரிக்காயும் இருக்கும். அதை அலங்காரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். உப்பும் கொழுப்புமாக நாக்கு திகட்டும்போது நடுநடுவே ஒரு கடி கடித்தால்தான் அடுத்த துண்டு இறங்கும். காரம் என்று எதுவுமே சட்டியில் இருக்காது. கொஞ்சம் பூண்டு, மிளகு, ஜாதிக்காய், அவ்வளவுதான். எங்கள் மாமனார் இரண்டாம் தடவை வரும்போது வீட்டு எலுமிச்சை ஊறுகாயைச் சின்ன டப்பாவில் கொண்டுவந்துவிட்டார். தட்டு ஓரத்தில் வைத்துத் தொட்டுக்கொள்ளும்வரை யாருக்கும் நஷ்டமில்லை. சட்டிக்குள் மட்டும் போட்டுவிடக் கூடாது.

கம்பி: அப்பத்தாவுக்கான பதில்

நீளக் கம்பியின் நுனியில் இரண்டு அல்லது மூன்று முள் இருக்கும். பிடியின் முனையில் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று ஆளுக்கொரு நிறம். உட்கார்ந்ததும் உங்கள் நிறத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை அதுதான் உங்களுடையது.

இனிதான் முக்கியமான விஷயம். அந்தக் கம்பி சட்டிக்குப் போவதற்கு மட்டும். வாய்க்குப் போவதற்கு இல்லை. முக்கி எடுத்த துண்டை உங்கள் தட்டில் இறக்கி, தட்டோரம் இருக்கும் சாதாரண முள்கரண்டியால் எடுத்துச் சாப்பிட வேண்டும். கம்பியிலிருந்தே நேராக வாயில் போடுகிறவர்கள் அங்கேயும் உண்டுதான். அவர்களும் உதடோ நாக்கோ கம்பியில் படாமல் பல்லால் மட்டும் துண்டைக் கவ்வி எடுப்பார்கள். கடித்த துண்டை மறுபடி முக்குவது எங்கேயும் மரியாதை இல்லை.

இதை நான் விளக்கிச் சொன்னதும் அப்பத்தா, "அட, அண்ணாந்து குடிக்கற மாதிரின்னு சொல்லு!" என்று முடித்துவிட்டார். சொம்பு உதட்டில் படாமல் தண்ணீர் குடிக்கப் பழகிய கைக்கு இது புதுப் பாடமே இல்லை. ஒரே சொம்பில் வீடே குடிக்கும், ஆனால் எச்சில் படாது. ஒரே சட்டியில் மேசையே சாப்பிடும், ஆனால் எச்சில் படாது. அன்று எங்கள் மேசையில் ஒழுங்காகச் சாப்பிட்டது அப்பத்தா ஒருவர்தான். கல்லூரி படிக்கும் பேத்திதான் கம்பியை நக்கி மாட்டிக்கொண்டாள்.

கைப்பழக்கம் இப்படி: ரொட்டித் துண்டு ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் கடினமான மேல்தோல் இருக்கும். மெத்தென்ற பக்கத்தில் குத்தி, தோல் வழியாக முள் வெளியே வரும்படி இறக்குங்கள். தோல்தான் பிடிப்பு. தோல் இல்லாத துண்டு உள்ளே போனால் திரும்பி வராது. நேற்றைய ரொட்டி இன்றைய ரொட்டியைவிட நல்லது, கொஞ்சம் விறைப்பாக நிற்கும். நம் பேக்கரித் தேங்காய் பன், பால் ரொட்டி எல்லாம் இதற்கு ஆகாது, தொட்டதும் கரைந்துவிடும்.

குத்தியதை மேலாக நனைத்து எடுக்காதீர்கள். அடிவரை இறக்கி, எட்டுப் போடுவது போல ஒரு சுற்றுச் சுற்றி எடுங்கள். பைக் லைசென்ஸுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் போட்ட அதே எட்டுதான். வெளியே எடுத்ததும் சட்டிக்கு மேலேயே ஒரு நொடி சுழற்றினால் நூல் அறுந்து ஒழுகுவது நிற்கும். தட்டுக்கு வந்த பிறகு பத்து நொடி பொறுங்கள். மேலே ஆறியது போலத் தெரியும், உள்ளே கொதிக்கும்.

ஆளாளுக்கு எட்டுப் போடுவது சாஸ்திரத்துக்காக அல்ல. கலக்காவிட்டால் சீஸ் பிரிந்துபோகும்.

ஏன் பிரிகிறது

பால் திரிவதைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். சீஸைச் சும்மா சூடாக்கினால் புரதம் இறுகி ஒரு பக்கம் கட்டியாகும், கொழுப்பு எண்ணெயாக இன்னொரு பக்கம் மிதக்கும். அதைத் தடுக்க இரண்டு காவல்காரர்களைப் போடுகிறார்கள். ஒன்று புளிப்பு. வைனிலோ எலுமிச்சையிலோ உள்ள அமிலம் சீஸில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் புரதம் இறுகாமல் இளகி நிற்கும். இன்னொன்று சோளமாவு. அது கொழுப்பைத் தனியே ஓடவிடாமல் பிடித்து வைக்கும். மூன்றாவது காவல் உங்கள் கைக் கம்பி.

மேலே எண்ணெய் மிதந்தாலோ, அடியில் ரப்பர் போலத் திரண்டாலோ தயங்காமல் கூப்பிடுங்கள். சமையல்காரர் தீயைக் குறைத்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாற்றில் சோளமாவு கரைத்து ஊற்றிக் கலக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஏசிக் காற்று நேரே அடுப்பில் அடிக்கும் மேசையில் எங்கள் சட்டி இப்படித்தான் இறுகியது. தீ ஒரு பக்கமாகச் சாய்ந்து சட்டியில் சூடே ஏறவில்லை. இப்போதெல்லாம் உட்காரும் முன்பே ஏசி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுகிறேன்.

ரொட்டியைத் தொலைத்தால்

துண்டைச் சட்டிக்குள் விட்டவர் அபராதம் கட்ட வேண்டும் என்பது அங்கே விளையாட்டு. மேசைக்கே ஒரு சுற்று மது வாங்கித் தர வேண்டும், பாட்டுப் பாட வேண்டும், பக்கத்தில் இருப்பவருக்கு முத்தம் தர வேண்டும் என்று ஊருக்கு ஊர் மாறும். சம்பந்தி வீட்டாரோடு போகிறவர்கள் கடைசி விதியைப் பற்றி வாயே திறக்க வேண்டாம். எங்கள் வீட்டில், தொலைத்தவர் எல்லோருக்கும் இளநீர் வாங்கித் தர வேண்டும் என்று வைத்திருக்கிறோம். கொழுந்தனார் இதுவரை ஏழு இளநீர் கடன்.

என்ன குடிப்பது

உருகிய சீஸோடு குளிர்ந்த தண்ணீர் குடித்தால் வயிற்றில் சீஸ் கல்லாகிவிடும் என்று ஸ்விட்சர்லாந்துப் பாட்டிகள் மிரட்டுவார்கள். வைன் அல்லது சூடான கட்டன் டீதான் குடிக்கலாம் என்பது அவர்கள் கட்சி. இதை 2010ல் சூரிச்சில் ஆராய்ந்தே பார்த்துவிட்டார்கள். இருபது பேருக்கு ஃபான்டூ கொடுத்து, ஒரு தடவை வைன், ஒரு தடவை கட்டன் டீ என்று மாற்றி மாற்றிக் குடிக்க வைத்தார்கள். முடிவு பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்தது. வைன் குடித்தபோது வயிறு காலியாக அதிக நேரம் பிடித்தது, டீ குடித்தபோது சீக்கிரம் காலியானது. ஆக, பால் இல்லாத டீயோ சுக்கு வெந்நீரோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மில்க் ஷேக் வேண்டாம். பாலுக்கு மேல் பால் எதற்கு?

அடியை விட்டுவிடாதீர்கள்

நாங்கள் திருப்பி அனுப்பிய பாவம் இதுதான். சட்டியில் சீஸ் தீரும் நேரத்தில் அடியில் மெல்லிசாக ஒரு படலம் நிற்கும். தீயைச் சின்னதாக வைத்து, கலக்காமல் விட்டால் அது பொன்னிறமாக இறுகி அப்பளம் போலப் பெயர்ந்து வரும். ரிலிஜியேஸ், அதாவது கன்னியாஸ்திரி என்று அதற்குப் பேர். அதற்காகவே சாப்பிட வருகிறவர்கள் உண்டு. ஊத்துக்குளி வெண்ணெயை உருக்கி நெய்யை இறுத்த பிறகு, அந்தச் சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டித் தருவார்களே, அதற்குச் சண்டை போட்ட பிள்ளைகளுக்கு இந்த ருசி சொல்லித்தர வேண்டியதில்லை. பரிமாறுகிறவரிடம் முதலிலேயே சொல்லிவைத்துவிடுங்கள்: "அடியச் சொரண்டித் தர்றீங்களா?" தெரிந்தவராக இருந்தால் மரக்கரண்டியோடு வருவார். தெரியாதவராக இருந்தால் சட்டியை எடுக்க வருவார், கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

எண்ணெய்ச் சட்டி, சாற்றுச் சட்டி

எண்ணெய் கிட்டத்தட்ட 180 டிகிரியில் இருக்கும். கம்பியை வாயில் வைத்தால் உதடு வெந்துவிடும், மரியாதைக் கணக்கெல்லாம் அதற்கு அப்புறம். கறித் துண்டை ஈரம் போகத் துடைத்துவிட்டு இறக்குங்கள், இல்லாவிட்டால் தெறிக்கும். எல்லாக் கம்பியையும் ஒரே நேரத்தில் விடாதீர்கள். சட்டி நிறைய பஜ்ஜி போட்டால் சூடு இறங்கி எண்ணெய் குடிக்குமே, அதே கதைதான். கோழி என்றால் நடுவில் இளஞ்சிவப்பு போகும்வரை பொறுங்கள், ஒன்றை வெட்டிப் பார்த்துவிட்டுச் சாப்பிடலாம். பச்சைக் கறி வைத்த தட்டும் வெந்த கறி வைக்கும் தட்டும் வேறு வேறாக இருக்க வேண்டும். ஒரே தட்டைக் கொடுத்தால் இன்னொன்று கேளுங்கள். சுவை முழுக்கத் தொட்டுக்கொள்ளும் சாஸ்களில்தான் இருக்கிறது, கறியில் உப்புகூட இருக்காது.

சாற்றுச் சட்டி நம் வயிற்றுக்கு ஒத்தது. மெல்லிசாகச் சுருட்டிய கறியை விட்டு ஒன்றிரண்டு நிமிஷத்தில் எடுக்கலாம். இறால், காளான், பனீர் எல்லாம் போகும். கடைசியில் எல்லா ருசியும் இறங்கி நிற்கும் சாற்றைக் கிண்ணத்தில் ஊற்றித் தருவார்கள். அதுதான் உண்மையான பலன். அப்பத்தா ஒரு வாய் குடித்துவிட்டு, "ரெண்டு மொளகு சீரகம் தட்டிப் போட்டிருந்தா எலும்பு ரசந்தான்" என்றார். முதல் தடவை போகிற குடும்பத்துக்கு நான் சிபாரிசு செய்வது இதையே. சீஸ் பிடிக்காத பெரியவர்கள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்லுங்கள்.

சாக்லேட்

குழந்தைகள் இருந்தால் கடைசியில் இது உண்டு. பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பழத்தில் ஈரம் இருந்தால் துடைத்துவிடுங்கள். தண்ணீர் பட்டால் சாக்லேட் மணல் மணலாகத் திரண்டுவிடும். க்ரீம் சேர்த்ததாக இருந்தால் கொஞ்சம் தாங்கும். தீ கூடினால் கருகிக் கசக்கும், மெழுகுவத்தியை அணைத்துவிட்டால்கூடக் கொஞ்ச நேரம் உருகியே நிற்கும். வாழைப்பழம் கனியாமல் கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும். ஊட்டி வர்க்கி முக்கிப் பார்த்தோம். ருசி அபாரம், ஆனால் அடுக்கடுக்காக உதிர்ந்து சட்டி முழுக்கத் தூள். பரிமாறிய தம்பி பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

பில்

தனி உணவகம் என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம். அறை வாடகை அதிகமுள்ள பெரிய ஓட்டலுக்குள் இருக்கும் உணவகம் என்றால் 18 சதவீதம் வரும். சேவைக் கட்டணம் என்று தனியாகப் போட்டிருந்தால் அது கட்டாயமில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022லேயே சொல்லிவிட்டது. எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். கூடுதல் ரொட்டிக்குக் காசா, சும்மாவா என்பதை வாங்கும் முன் கேளுங்கள். சீஸ் மிச்சமிருக்க ரொட்டி தீர்ந்துவிடுவதுதான் எப்போதும் நடப்பது.

ஸ்விட்சர்லாந்துக்கே போகிறவர்களுக்கு

திருப்பூர், கரூர்க்காரர்கள் கண்காட்சி, சரக்கு வாங்கும் பையரோடு சந்திப்பு என்று அந்தப் பக்கம் போவது வழக்கம். ஆளுக்கு 25 பிராங்குக்குக் குறைந்து சீஸ் ஃபான்டூ கிடைப்பது அரிது. சேவைக் கட்டணம் விலைக்குள்ளேயே அடக்கம், டிப்ஸ் கட்டாயமில்லை. குரூயேரும் வாஷ்ரனும் பாதிப்பாதி கலந்ததை 'முவாத்தியே முவாத்தியே' என்பார்கள். முதல் தடவைக்கு அதுதான் நல்லது. வைன் வேண்டாதவர்களுக்கு ஃப்ரிபூர் பகுதியில் ஒரு வழி இருக்கிறது. அங்கே வாஷ்ரன் சீஸை மட்டும் வைனே இல்லாமல் தண்ணீர் விட்டு, கொதிக்கவிடாமல் இளஞ்சூட்டில் உருக்கித் தருவார்கள். உருளைக்கிழங்கோடு சாப்பிடுவது. கொழுந்தனாருக்கு அதுதான் பிடித்தது. ஆனால் ரென்னெட் விஷயம் அதிலும் உண்டு, சைவக்காரர்கள் கவனம். பையர் கூட்டிப்போனால் அவர் முதலில் முக்கும்வரை பொறுத்திருந்து, கம்பியை அவர் எப்படிப் பிடிக்கிறார் என்று பார்த்துக்கொண்டால் போதும்.

உடுப்பு

உருகிய சீஸின் வாசம் துணியில் ஏறினால் லேசில் இறங்காது. பட்டுச்சேலை, கல்யாணச் சட்டை வேண்டாம். துவைக்கக்கூடிய பருத்தித் துணி போதும். கொழுந்தனார் அங்கிருந்து வந்ததும் கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து வாசல் கொடியில் போட்டார். சாயங்காலம் மாமியார் அதை மோந்து பார்த்துவிட்டு, "யாருடா இது, வெண்ணெய்ப் பானைக்குள்ள படுத்திருந்தானா?" என்று கேட்டார். மூன்று நாள் கொடியிலேயே கிடந்தது அந்தக் கோட்டு.